“கனெக்‌ஷன் வரல” என்று கூப்பிட்ட வீடுகள்

சம்பளத்துக்கு வேலை பார்த்தால் திட்டு அளவாகக் கிடைக்கும், சும்மா வேலை பார்த்தால் தாராளமாகக் கிடைக்கும் என்பதை அம்பத்தூரில் மோடம் லைன் பார்த்த காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தவை இவை. இன்டர்நெட் என்பது எங்களுக்கெல்லாம் பேப்பரில் படிக்கிற சமாச்சாரமாக இருந்தது. செல்வம் அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். அவர் தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரையும், அதை டெலிபோன் வழியாகப் பேசவைக்கிற மோடத்தையும் வைத்து, வீட்டு டெலிபோன் லைனையே அதில் சொருகிவிட்டார். ஆவடி, பூந்தமல்லி, பட்டாபிராம் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் தங்கள் மோடத்திலிருந்து அந்த நம்பருக்கு டயல் செய்தால் திரையில் எங்கள் தகவல் பலகை வரும். ஒருவருக்கொருவர் கடிதம் போடலாம், பதில் படிக்கலாம். அண்ணன் உட்கார்ந்திருந்தால் அவரோடு டைப் செய்தே பேசலாம். லைன் ஒன்று என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வர முடியும்.

நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இணைப்பு கிடைக்காதவர்கள் வீட்டுக்கு மொபெட்டில் போய் என்னவென்று பார்ப்பது என் பங்கு. மோடத்தின் கீச்சுச் சத்தம் பாதியில் நின்றுபோய், டெலிபோனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் என் ஜாதி. மேலே படியுங்கள்.

பல்லில் பிடித்த ஒயர்

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு ஃபோர்மேன் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மோடம் வேலை செய்யவில்லை, போனிலும் மணி அடிப்பதில்லை என்று இரண்டு புகார்கள். டெலிபோன் பெட்டியைப் பரணுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு கையில் பெட்டி மூடியும் இன்னொரு கையில் ஸ்குரூ டிரைவருமாக இருந்ததால், ஒயரின் மேல்தோலைப் பல்லால் உரித்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சும்மா இருக்கிற டெலிபோன் ஒயர் நாக்கில் லேசாகக் குறுகுறுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் யாராவது கூப்பிட்டால் அதே ஒயரில் மணியடிக்கிற கரண்ட் வரும். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாவின் தம்பி ஊரிலிருந்து கூப்பிட்டார். தாடைக்குள் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது, அலறிவிட்டேன். ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கீழே இருந்த மெத்தைச் சுருட்டுமேல் விழுந்ததால் எலும்பு தப்பியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கி உட்காரவைத்து, மோர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, நிம்மதியாகச் சொன்னார்: “மணி அடிக்கான்னு பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ கத்துனதுலயே தெரிஞ்சு போச்சு தாயி.”

பட்டாபிராமில் எடுத்த போன்

பூந்தமல்லியில் பாஸ்கர் என்று ஒரு கணக்கர். எங்கள் நம்பருக்கு எத்தனை தடவை போட்டாலும் இணைப்பே வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். போய்ப் பார்த்தேன். கிடைக்கும்வரை திரும்பத் திரும்பத் தானே டயல் செய்யும்படி கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, தினமும் சாயங்காலம் குளிக்கப் போய்விடுவாராம். அதில் பதிந்திருந்த எங்கள் நம்பரில் நடுவே இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. அப்படியென்றால் இத்தனை நாளும் வேறு யார் வீட்டிலோ மணி அடித்திருக்கிறது. நல்ல திட்டாக வாங்கிக்கொள்ளலாம் என்று தயார் செய்துகொண்டு, அந்தத் தப்பு நம்பருக்கு நானே டயல் செய்தேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல். யார் என்றுகூடக் கேட்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இன்றைக்கு ஸ்கூலுக்குப் போனது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். குறுக்கிட்டு நான் பேசியதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் இருந்தது பட்டாபிராமில். கணவர் ராணுவத்தில், எல்லைப் பக்கம் எங்கோ. கொஞ்ச நாளாகக் கடிதம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் தினமும் சாயங்காலம் போன் வரத் தொடங்கியிருக்கிறது. எடுத்தால் பேச்சு இல்லை, தூரத்தில் ‘பிப்’ என்று ஒரு சத்தம் மட்டும். கணவர்தான் அங்கிருந்து கூப்பிடுகிறார், அவர் குரல்தான் இந்தப் பக்கம் வரவில்லை, நம் குரல் அவருக்குக் கேட்கும் என்று இந்தம்மா நினைத்துக்கொண்டார். லைன் அறுந்துபோகும்வரை வீட்டு விஷயம் எல்லாவற்றையும் சொல்வார். திரும்ப மணி அடிக்கும். விட்ட இடத்திலிருந்து சொல்வார்.

 விஷயத்தைச் சொன்னதும், அப்போதுதான் குளித்துவிட்டு வந்த பாஸ்கர் துவட்டிய துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் இரண்டு பேரும் பட்டாபிராம் போய் மன்னிப்புக் கேட்டோம். காபி கொடுத்தார்கள். அந்தக் கணவர் பொங்கலுக்கு லீவில் நல்லபடியாக வந்து சேர்ந்ததை பாஸ்கரே பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆனாலும் அன்றைக்குப் போனில், மோடம் என்றால் என்ன என்று நான் சொல்லி முடித்த பிறகு, அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அப்போ நான் சொன்னத யாருமே கேக்கலியா?”

புடவைக் கொடி

திருவேற்காட்டில் ஒரு வீட்டில் காலையில் மட்டும் இணைப்பு அறுந்துபோகும், மத்தியானம் சரியாகிவிடும். மோடத்தை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம், கம்ப்யூட்டரையே அடுத்த அறைக்கு மாற்றினோம். ஒரு காலை நேரத்தில் போனபோதுதான் தற்செயலாக வெளியே நிமிர்ந்து பார்த்தேன். கம்பத்திலிருந்து வரும் டெலிபோன் ஒயர், பக்கத்து வீட்டு மாடிமேல் தாழ்வாகப் போனது. அதில் ஈரம் சொட்டச் சொட்ட ஐந்தாறு புடவைகளும் ஒரு ஜமக்காளமும் தொங்கிக்கொண்டிருந்தன. பாரத்தில் ஒயர் இழுபட்டு, ஜாயின்ட் விலகும். துணி காய்ந்து கனம் குறைந்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

மாடி ஏறிப் போய் அந்த அம்மாவிடம் பணிவாகத்தான் சொன்னேன். இந்த ஒயர் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் ஊரெல்லாம் கடிதம் அனுப்புகிறார், பெறுகிறார் என்றேன். அவர் ஒயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஜமக்காளத்தை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “லெட்டரு உள்ளாற போவுது, பொடவ வெளில காயுது. இதுல உனுக்கு இன்னாம்மா கஷ்டம்?”

குறுக்கே வந்த பேச்சு

இது என் சொந்தக் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வீடு அம்பத்தூரிலேயே, செல்வம் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. பதில் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரமே அண்ணன் வீட்டு லைனில் ஒரே இரைச்சல். யார் டயல் செய்தாலும் பாதியில் அறுந்துபோனது. மோடத்தைக் கழற்றிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டேன். வேறு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கிராஸ் டாக் சகஜம். வைத்துவிடலாம் என்று நினைத்தபோது என் பெயர் காதில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொண்ணு லட்சணமாகத்தான் இருக்கிறது, விஜயா என்று பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒயரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கண்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போகிறதாமே, இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்று.  பக்கத்தில் நின்ற அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் என்னவென்று சைகையில் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ, புகார் வீடுகளில் பேசிப் பேசிப் பழகிய குரல். “வணக்கம்மா, விஜயா பேசறேன். உங்க லைனும் எங்க லைனும் கலந்திருக்கு. எக்ஸ்சேஞ்சுல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்துடுங்க” என்றேன்.

அக்கா போனை வைத்த சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா வைக்கவில்லை.  அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. யாரும் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் போனை வைப்பதற்கு முன் அந்த அம்மா நிதானமாக என்னிடம் சொன்னார்: “நாங்க சொன்னா லைன்மேன் வர்றதே இல்லம்மா. நீயே எங்களுக்கும் சேத்து சொல்லிடேன்.”

சேக்காட்டில் திறக்காத கதவு

ராஜமாணிக்கம் சார் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேக்காட்டில் வீடு. ஆங்கில எழுத்தில் தமிழை டைப் செய்வார், ஒரு கமா பிசகாது. ஒரு வாரம் அவர் மனைவி மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தார். ஞாயிறு காலை, சாரும் செல்வம் அண்ணனும் டைப் செய்து பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவர் பக்கத்திலிருந்து வந்த எழுத்துகள் கோணல்மாணலாகிவிட்டன. அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. லைனில் இரைச்சல் வந்தால் திரையில் குப்பை விழுவது எங்களுக்குப் பழக்கம்தான். கட் செய்தால் அவரே திரும்ப டயல் செய்வார் என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். இரைச்சலால் விழும் குப்பை வேறு மாதிரி இருக்கும். அடைப்புக்குறி, நெளிகோடு, பெயர் தெரியாத குறிகள் எல்லாம் வரும். இதில் வெறும் எழுத்துகள்தான் இருந்தன. அதுவும் அடிக்க வேண்டிய எழுத்துக்குப் பக்கத்து எழுத்து. பிறகு ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. இணைப்பு மட்டும் அறுபடாமல் இருந்தது. அண்ணனிடம் சொன்னேன், “லைன் நல்லாத்தான் இருக்குண்ணா. அவர் விரல்தான் சரியில்லை.”

அண்ணன் சட்டென்று எழுந்துவிட்டார். எங்கள் பக்கம் கட் செய்துவிட்டு அவர் நம்பருக்குப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஸ்கூட்டரில் சேக்காட்டுக்குப் பறந்தோம்.  கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சார் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.  பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் முனுசாமி பின்சுவர் ஏறிக் குதித்து, சமையலறைக் கதவை நெம்பித் திறந்தார். சமையலறையில் காலை டிபன் மூடி வைத்தபடியே இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர், இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததில் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டிருக்கிறது. முனுசாமியின் மனைவி சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து வாயருகே வைத்தார். விழுங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மத்தியானம் சாருக்குத் தெளிந்தது. கட்டிலைச் சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆட்டோக்காரரின் முழங்கையில் சிராய்ப்பு, அண்ணனின் கண் சிவந்திருந்தது, நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். நன்றி சொல்லப் போகிறார் என்று அண்ணன் கூச்சத்தோடு குனிந்தார். சார் மெல்லிய குரலில், ஆனால் வழக்கமான அதே கண்டிப்போடு கேட்டார்: “நான் பதில் டைப் பண்ணிட்டிருக்கறப்போ லைன எதுக்குப்பா கட் பண்ணே?”

இத்தனை வீடு ஏறி இறங்கியதில் நிஜமாகவே மோடம் கெட்டுப்போய் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் எங்களுடையது.