பயிற்சிக்காக எழுதிக் கொடுத்த வீடு

எனக்கு எழுத்துச் சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை முன்பின்னாகச் சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பூவரசங்குளத்துப் பக்கம். ஒருநாள் மாதர் சங்கத்துக்கு வவுனியாவில் இருந்து ஒரு கடிதம் வந்தது. குடும்பங்களுக்குக் காசுத் திட்டம் போட்டுக் கொடுக்கிற ஆட்களைப் பழக்கப் போகிறார்களாம். ஆறு சனிக்கிழமை வகுப்பு, முடிவில் சான்றிதழ். எழுத வாசிக்கத் தெரிந்தால் போதும். இளம் பெண்கள் கார்மென்ட்ஸுக்குப் போய்விட்டார்கள். சங்கத் தலைவி என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் போங்கோ. நீங்கள்தான் ஊரிலை ஒரு வீட்டுக் கதையை மற்ற வீட்டுக்குக் காவாத ஆள்."

"எனக்கு நாலு பேருக்கு முன்னாலை கதைக்க வராது."

"ஆர் உங்களைக் கதைக்கச் சொன்னது? கேட்டுக்கொண்டு இருங்கோ. சோத்துப் பார்சலும் தருவினமாம்."

கிழமைக் கடன் எடுத்துவிட்டு, அறவிட வருகிறவனின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் குசினிக்குள் ஒளிக்கிற பெண்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல வழி தெரிந்தால் ஆகாதா என்றுதான் பஸ் ஏறினேன்.

படிப்பித்தவர் கழுத்துப் பட்டி கட்டியவர். சென்ற் மணம் அவருக்கு முன்னால் வரும், போன பிறகும் நிற்கும். முதல் இரண்டு சனியும் நல்லதைத்தான் சொன்னார். தேவை எது, ஆசை எது, அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்றெல்லாம். மூன்றாம் சனி ஒரு படிவம் தந்தார்.

"உண்மையான ஒரு வீட்டப் போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க. வரவு, செலவு, கடன், நகை, இனி வரப்போற காசு எல்லாம் வேணும். பயப்படாதீங்க, இது பயிற்சிக்கு மட்டும்தான்."

என் வீட்டில் நான் ஒருத்தி. எழுத ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் நினைத்தேன். அவளுடைய புருஷன் அரிசி ஆலையில் மின்சாரம் அடித்துச் செத்து அப்போது மூன்று கிழமையும் ஆகவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து போய்வருகிற அளவுக்கு. செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அதற்குள்ளால்தான் நான் சோறு கொண்டுபோனேன். பிறகும் சட்டிபானை கழுவப் போவேன். கழுவுகிறபோது அவள் சொல்லுவாள்: தோடு எங்கே அடகு, யாரிடம் எவ்வளவு கடன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய ஆலை முதலாளி காசு தருவதாகச் சொன்னது. அந்தக் காசில், புருஷன் பாதியில் விட்ட கிணற்றை வெட்டி முடித்து, மாரிக்கு முன் மண் இடியாமல் சீமெந்துக் கொட்டு இறக்க வேண்டும் என்பதே அவளுடைய ஒரே எண்ணம்.

இப்படிப்பட்டவளிடம் கடதாசியும் பேனையுமாகப் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே, தெரிந்ததை எழுதினேன்.

அடுத்த சனி அவர் எல்லோருடைய படிவத்தையும் பார்த்தார். என்னுடையதை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, அம்மா எப்படி எழுதியிருக்காங்க! நாங்க வாசல்ல நின்னு மணி அடிக்கணும். அம்மா நேரா குசினிக்கே போயிருக்காங்க." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சொன்னார்: "மரணம் நடந்த வீட்லதான் சனம் நாளையப் பத்தி யோசிக்கும். முப்பத்தொண்ணு முடிஞ்சா சொந்தக்காரங்க போயிடுவாங்க. அப்பப் போங்க. பிந்தினா காசு கரைஞ்சிடும்."

எல்லோரும் அதைக் கொப்பியில் எழுதினார்கள். நானும் எழுதினேன். அன்றைய பார்சலில் கோழிக்கால் இருந்தது. எலும்பு வரை கடித்துச் சாப்பிட்டேன்.

அந்தியேட்டி முடிந்து நாலாம் நாள் பின்னேரம், வேலிக்கு மேலால் அந்தச் சென்ற் மணம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி.

"மாமி, நீங்கள் அனுப்பின ஆக்கள் வந்திட்டுப் போயினம். நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லாமல் எல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கினம்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"ஆலைக் காசை அவையின்ரை கொம்பனியிலை அஞ்சு வருசத்துக்குப் போட்டு வைச்சால் பிள்ளையளுக்கு நல்லதாம். கிணத்துக்கு வேறை வழி பாக்கலாமாம். எனக்கு விருப்பமில்லைத்தான். நீங்கள் சொல்லி வந்தவை எண்டபடியால் கையெழுத்து வைச்சுக் காசையும் குடுத்திட்டன்."

"நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை."

"அப்ப தோடு அடகிலை கிடக்கிறது அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுதிக் குடுத்தனான்," என்றேன். "படிப்புக்கெண்டு."

அவள், நான் கழுவி வைத்திருந்த சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

கடைசிச் சனி, காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். வழி முழுக்க அந்த வசனத்தையே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

"கையெழுத்து வச்சாச்சேம்மா. இப்ப எடுத்தா பாதிதான் வரும்," என்றார் அவர். பிறகு வகுப்பைப் பார்த்து, "முதல் வாடிக்கையாளரக் கொண்டுவந்தவங்க அம்மாதான். கை தட்டுங்க," என்றார். தட்டினார்கள். சட்டம் போட்ட சான்றிதழும் ஒரு கடித உறையும் தந்தார்கள். உறைக்குள் காசு. புழு நெளிகிற இறைச்சியைத் தொட்டதுபோல் இருந்தது. இரண்டையும் கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். "அம்மா, மறந்து விட்டிட்டுப் போறியள்!" வாங்கிக்கொண்டேன். மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன்.

உறையை அவளிடமே கொடுப்போம் என்று பின்வளவுக்குப் போனேன். பொட்டு இருந்த இடத்தில் புதுக் கருக்குமட்டை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது.

மாரி பிறந்து அவளுடைய கிணற்றின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. குடத்தோடு என் வாசல் படலையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக் குழாய்க்குப் போகிறாள். என்னுடைய கிணற்றில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. உறையைப் படலையடியில் நின்று நீட்டிப் பார்த்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். அது அலுமாரிக்குள் கிடக்கிறது. திறக்கவே அருவருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவில்லை. 'இனி வரப்போகும் காசு' என்ற கட்டத்தை நானாக நிரப்பினேனா, அல்லது அவர் கேட்க வாயால் சொன்னேனா? எப்படி என்றாலும் பிழை பிழைதான், ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஆறு சனியும் என்னோடு இருந்த யாராவது இதை வாசித்தால், உங்கள் கொப்பியைப் பார்த்து, நான் எழுதிய நாட்களும் சொற்களும் சரியோ என்று சொல்லுங்கள். படிவத்தைக் கண்டால், அந்தக் கட்டத்தில் இருப்பது என்னுடைய கையெழுத்தா என்றும் பாருங்கள். என்னுடையது கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருக்கும்.