பழுத்த ஆறு சாடிகள்

எங்கள் வீட்டு மேல்மாடியில் பன்னிரண்டு திராட்சைக் கன்றுகள் சாடிகளில் நின்றன. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் என் மகளுடையவை. ஆறுக்கு நைதரசன் உரம் கொடுத்தாள். ஆறுக்கு வேண்டுமென்றே கொடுக்கவில்லை. பட்டினி கிடக்கும் இலையில் எந்தப் பரம்பரையலகு, அதாவது ஜீன், விழிக்கிறது, நைத்திரேற்றை மாற்றும் நொதியம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. உறவினருக்கோ ஒரே விளக்கம். "வைன் காய்ச்சுற படிப்பாமே!" என்றார் ஒருவர், கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹனில் கைவைத்தபடி.

அவள் பல்கலைக்கழகம் போயிருந்தபோது என் மூத்த சகோதரர் வந்தார். வயல் செய்பவர். நெல்லைத் தவிர வேறு பயிர் உலகில் உண்டென்று ஒப்புக்கொள்ளாதவர்.

"என்ன தங்கச்சி, இலையெல்லாம் பழுத்துக் கிடக்கு? யூரியா போடல்லியா?"

"போடக்கூடாதாம் காக்கா. ஆராய்ச்சியாம்."

"பட்டினி போடுறதா ஆராய்ச்சி? அப்ப மாட்டயும் பட்டினி போட்டுப் பால் கறக்கச் சொல்லு!"

மறுநாள் ஒரு பை யூரியாவோடு வந்து நின்றார். பூட்டியிருந்த மாடிக் கதவின் திறப்பை எடுத்துக் கொடுத்தது நான். மூத்தவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராத, படித்த கோழை. அந்த மஞ்சள் இலைகளைப் பார்க்கப் பொறுக்காமலும் இருந்தது.

கை கழுவிக்கொண்டே சொன்னார்: "புள்ளைக்கிட்டச் சொல்லாத. பச்சையானதும் கண்டு சந்தோசப்படுவா."

மகள் வந்த அன்று இலைகள் இன்னும் மஞ்சளாகவே இருந்தன. அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மறுநாள் காலை இலை வெட்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தாள். யூரியா தின்ற இலையைப் பட்டினி இலை என்று எழுதப்போகிறாள்.

விடிந்ததும் பெட்டியில் ஐஸ் நிரப்பிக் கத்தரிக்கோலைத் துடைத்தாள்.

"மகள், வெட்டாத."

"ஏன் உம்மா?"

சொன்னேன். திறப்புக் கொடுத்ததையும் சொன்னேன்.

"எத்தன சாடிக்கு?"

"பழுத்த ஆறுக்கும்."

"மாமா நிறுத்துப் போட்டாரா, கையால அள்ளியா?"

"கையால."

சிரித்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆய்வுகூடத்தில் அன்றைக்குத் தனக்கு ஒதுக்கிய நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்படி தொலைபேசியில் சொன்னாள். மாதக்கணக்கான வேலை போயிற்று. பிறகு மாடிக்குப் போய்ப் புதுக் கிளை நறுக்கி மண்ணில் ஊன்றத் தொடங்கினாள்.

"தண்ணி தூக்கித் தரட்டா?" என்றேன்.

"வேணா உம்மா. நீங்க மேல வராம கீழயே இரிங்க."