ஒரு மைனஸும் நீல மாமாவும்

உங்க மூஞ்சிய பத்தடி பேனர்ல, அதுவும் நீலக் கலர்ல பாத்துருக்கீங்களா? நான் பாத்துருக்கேன். செட்டிகுளத்துல, கோயில் மலையடிவாரத்துல, அக்காவோட மாமியார் வூட்டு சனம் மொத்தமும் நிக்கிறப்ப.

அக்கா பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில உக்கார வெச்சுதான் குத்தணும். "அரியலூர்லேருந்து எல்லாரும் வராங்கடா, மானத்த வாங்கிறாத"ன்னு அக்கா பத்து வாட்டி சொல்லிருச்சு. பேனர் டிசைனும் நான்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவன்ல!

டிசைன் பண்றதுக்கு முந்துன நாள் சாயங்காலந்தான் என் லினக்ஸ் லேப்டாப்புல ஒரு செட்டிங் போட்டேன். பொழுது சாஞ்சா ஸ்கிரீன் தானா ஆரஞ்சாகும், விடிஞ்சா வெள்ளையாகும், கண்ணுக்கு நல்லதாம். ஊரு எங்க இருக்குன்னு அட்சரேகை, தீர்க்கரேகை நம்பர் குடுத்தா போதும். நெட்டுல எவனோ அமெரிக்காக்காரன் போட்டத காப்பியடிச்சு, நம்பர மட்டும் பெரம்பலூருக்கு மாத்துனேன். முன்னாடி இருந்த மைனஸ பாக்கவே இல்ல. தீர்க்கரேகைல மைனஸ்னா மேற்கு, அமெரிக்கா பக்கம். நமக்குப் பகல்னா என் லேப்டாப்புக்கு ராத்திரி. பொழுது சாஞ்சும் ஸ்கிரீன் மாறல, சரி வேல செய்யலன்னு வுட்டுட்டேன்.

மறுநாள் காலைல டிசைன் பண்ண உக்காந்தா, போட்டோல மஞ்சக்காமால வந்தவன் மாதிரி இருக்கேன். வெயில்ல எடுத்த போட்டோ, அப்படித்தான் இருக்கும்னு நீலத்த ஏத்துனேன். பத்தல. இன்னும் ஏத்துனேன். அக்காவுக்கு அனுப்புனேன்.

"ஏன்டா நீலமா இருக்க?"

"அது உன் போன் டிஸ்ப்ளே. சும்மா இரு."

பிரிண்டுக்குப் போயிருச்சு.

காதுகுத்து அன்னிக்கு மச்சான் பேனர ஏற எறங்கப் பாத்தாரு. அவரு சிமெண்ட் ஃபேக்டரில வேல. "எங்க பிளாண்ட்ல இருவது வருசம் கெடந்தாலும் இந்தக் கலரு வராது மாப்ள."

"கண்ணீர் அஞ்சலின்னு போட மறந்துட்டாங்களோ?"ன்னு மச்சானோட பெரியப்பா வேற.

அத விடுங்க. பையன் பேனரப் பாத்தான், என்னப் பாத்தான், ஓன்னு கத்துனான். "நீல மாமா வேணாம்!" மடியில ஏறவே மாட்டேங்குறான். ஆசாரி ஊசிய வெச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"அப்ப எங்க சைடுல யாராச்சும் உக்காரட்டுமே"ன்னாங்க அக்காவோட மாமியார்.

அக்காவுக்கு வந்துச்சே கோவம். "என் தம்பி நீலமா இருந்தாலும் பச்சையா இருந்தாலும் அவன் மடிதான்!" பையனத் தூக்கி என் மடியில பொத்துன்னு வெச்சு, அவன் கண்ண அக்காவே பொத்திக்கிச்சு. ரெண்டு காதும் குத்தியாச்சு. பையன் அழுதத விட நான்தான் அதிகமா அழுதேன்னு மச்சான் சொல்றாரு. பொய்.

வூட்டுக்கு வந்து செட்டிங்க தொறந்தப்பதான் அந்த மைனஸ் கண்ணுல பட்டுச்சு, அழிச்சுட்டேன்.

பேனரு இப்ப அரியலூர்ல அக்கா வூட்டு மொட்ட மாடில கெடக்கு. என் மூஞ்சி மேல மொளகா காயுது.