தங்கையின் காது

காதுச் சோணை தொங்குவதும் கன்னத்தோடு ஒட்டியிருப்பதும் ஒரே ஒரு மரபணுவின் கையில் இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஒட்டிய காதுள்ள இருவருக்குத் தொங்கும் காதோடு பிள்ளை பிறக்கலாம். இதை நான் தெரிந்துகொண்டபோது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தங்கையிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில், பட்டுத் தறி போட்டிருந்த எங்கள் வீட்டில் தங்கைக்குக் காது குத்தினார்கள். அந்த வாரம்தான் பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்து ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு பாடம் நடந்திருந்தது. வாத்தியார் காதையும் உதாரணமாகச் சொன்னார்.

மொட்டையடித்த தங்கை மாமா மடியில் இருந்தாள். ஆசாரி அவள் சோணையைத் தடவிப் பார்த்தார்.

“நல்லா தொங்குது, குத்த சுளுவா இருக்கும். அப்பா அம்மாவுக்கு ஒட்டிக்கினு இல்ல இருக்குது? இது யாரு காதும்மா?”

“எங்க வூட்டுக் காது இல்லப்பா. அண்ணி எங்கியோ வாங்கிக்கினு வந்துட்டாங்க” என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். அதோடு போயிருக்கும்.

“ஒட்டின காது ஒடுங்கு பண்பு. ரெண்டு பேருக்கும் அதுன்னா புள்ளைக்கும் அதான் வரும். வேற வரவே வராது” என்றேன் நான்.

“அப்ப கொழந்த யாருதுடா?” அத்தை விளையாட்டாகத்தான் கேட்டாள்.

“இவங்க ரெண்டு பேருது இல்ல.”

சிரிப்பு நின்றது. “வாய மூட்றா” என்றார் மாமா. ஆசாரி ஊசியை ஏற்ற, தங்கை வீறிட்டாள். அம்மா அவளைத் தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். படிப்பை அப்படியே நம்புகிறவர்.

“வாத்தியாரு நெசமாவே அப்படிச் சொன்னாராபா?”

“ஆமாம்பா. அது விதி. மாறாது.”

அதற்குப் பிறகு அவர் தங்கையைத் தூக்கி நான் பார்க்கவில்லை. அவள் வந்து வேட்டியைப் பிடித்தால், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கேட்டிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள்.

காது குத்திய மறுநாள் காலை. கரையை வேறு நிறத்தில் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் உட்கார வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, பக்கத்திலிருப்பவர் கரைக்கு ஊடைநூல் வைத்த நாடாவைத் தள்ளுவார். கல்யாணமான நாளிலிருந்து அது அம்மாவின் இடம். வழக்கம்போல் வந்து நின்றவளிடம், “நீ போ. பையன் உக்காருவான்” என்றார் அப்பா.

அம்மா உள்ளே போனாள். மறுபடி அந்த இடத்தில் அவள் உட்காரவே இல்லை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பா பக்கத்தில் தறியில் உட்காரும் அளவுக்குப் பெரியவனாகிவிட்டேன் என்று, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.