ஒரு சபையில் மட்டும் வாசித்த ஓலை

சபையாரே, இதை உங்கள் முன் நின்று சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

சில வருஷங்களுக்கு முன் அறுப்பின் பண்டிகை. சிட்லபாக்கத்தில் நம் ஆலய வாசலில் ஏலம் நடந்தது. என் கணவர் சாம்ராஜ் ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து விலை கூறிக்கொண்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து விருந்துக்கு வந்த ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, எஸ்தர் அத்தை வரலியா?"

அவர் பூசணிக்காயை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று மாலை ஒப்புக்கொண்டார். என்னைக் கட்டுவதற்கு முன்பே அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எஸ்தர் உயிரோடு இருக்கிறார். விவாகரத்து ஆகவில்லை.

நம் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாரை இன்னார் மணக்கிறார் என்று சபையில் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். மாப்பிள்ளையின் சபையிலும் வாசிக்க வேண்டும். தன்னுடையது தனிச்சபை, அங்கே அந்த வழக்கம் இல்லை என்றார் அவர். அப்பா நம்பினார். நானும் நம்பினேன். ஓலை என் சபையில் மட்டும் வாசிக்கப்பட்டது.

தாம்பரத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். முதல் மனைவி இருக்க நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது என்றார். என் மகள் ஷாலினியும் பக்கத்தில் இருந்தாள். அப்போது பத்தாம் வகுப்பு. படி இறங்கும்போது கேட்டாள்.

"அப்போ நான் யாரும்மா?"

அன்றுமுதல் என் ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, எனக்கு எது போனாலும் போகட்டும். என் பிள்ளையின் பேருக்குக் குறை வரக் கூடாது.

உண்மை தெரியாமல் நம்பித்தான் மணந்தேன் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டால், பிள்ளையின் பெயரைத் தீர்ப்பிலேயே எழுதி, எனக்கு முறையான வாரிசு என்று சொல்வார்கள் என்றார் வக்கீல். ஆனால் நான் வழக்குப் போட்டதும் சாம்ராஜ் பேச்சை மாற்றினார். ஏமாற்றினார் என்ற பழி வராதபடி, எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று பதில் மனு போட்டார். நான் உடைந்துபோனேன்.

ஜெபித்துவிட்டு, பண்டிகைக்கு வந்த அந்தப் பெண்ணிடம் நம்பர் வாங்கி எஸ்தருக்குப் போன் செய்தேன்.

"நீங்க என்னைத் திட்டுவீங்கன்னு நெனச்சேம்மா," என்றார் எஸ்தர்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் அக்கா," என்றேன். இருவரும் அழுதோம்.

செங்கல்பட்டு கோர்ட்டுக்குத் தன் கல்யாணச் சான்றிதழோடு அவரே வந்து சாட்சி சொன்னார். அடுத்து எனக்குக் கல்யாணம் செய்துவைத்த நம் சபையின் பழைய போதகர் ஐயர், தள்ளாத வயதில் கூண்டேறினார். மூன்று ஞாயிறும் தாமே ஓலை வாசித்ததையும், நான் பெற்றோரோடு முன் வரிசையில் இருந்ததையும் சொன்னார். "மறைக்க நினைக்கிற பொண்ணு, தடை இருந்தா சொல்லுங்கன்னு ஊரறியக் கேக்க விடுமா?" என்றார்.

அந்தப் பாதி ஓலையை நினைத்து எவ்வளவோ அழுதிருக்கிறேன். கர்த்தர் அதையே எனக்குச் சாட்சியாக நிறுத்தினார்.

கல்யாணம் செல்லாது என்றே தீர்ப்பு வந்தது. அதில் ஷாலினியின் பெயரும் இருந்தது. திரும்பும்போது மின்சார ரயிலில் அவள் அதை விரல் வைத்துப் படித்தாள். "ஸ்பெல்லிங்கெல்லாம் சரியா போட்டிருக்காங்கம்மா," என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

என்னை ஏமாற்றியதற்காகச் சாம்ராஜ்மேல் நான் போட்ட குற்ற வழக்கு இன்னும் நடக்கிறது. அதை நான் வாபஸ் வாங்கவில்லை. அவருக்காக ஜெபிப்பதையும் விடவில்லை.

இப்போது ஓலை வாசிக்கும்போதெல்லாம் தலைகுனிந்து அந்த மணமக்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். பெற்றோரே, இரண்டு சபையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். என்னைப்போல் வெளியே சொல்ல முடியாத பாரத்தோடு இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், முதலில் கர்த்தரிடம் சொல்லுங்கள். உங்களுக்காகப் பேச அவர் ஆட்களை எழுப்புவார். எனக்கு எஸ்தரை எழுப்பினாரே.