புதன்கிழமை பூட்டியிருந்த கோயில்

1982 ஆடி மாதம். ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு கிராமம், முந்திரிக்காடு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். கடைக்குக்கூடத் தனியாக அனுப்ப மாட்டார்கள். உலகம் தெரியாதே தவிர, வாய் மட்டும் காது வரைக்கும் நீளும்.

ஆடி வெள்ளியில் எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைப்போம். குடும்பத்தில் இளவயதில் இறந்துபோன பெண்ணைச் சாமியாகக் கும்பிடும் வழக்கம் அது. எங்கள் பூவாடைக்காரி, அப்பாவின் அக்கா. பத்தொன்பது வயதில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாராம். அதற்கு மேல் கேட்டால் தாத்தா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். புதுச் சேலை, பூ, கொழுக்கட்டை வைத்துப் படைத்த பிறகு, அடுத்து வரும் புதன்கிழமை அப்பா அந்தச் சேலையைச் சிறுவாச்சூர் காளிக்குச் சாத்தக் கொண்டுபோவார். வருடா வருடம் இதுதான்.

அந்த வருடம் வகுப்பில் இதைப் பெருமையாகச் சொன்னேன். கூடப் படித்தவள் சிரித்தாள்.

"எங்க அம்மாயி வூடு அந்தூருதான்டி. திங்களும் வெள்ளியும்தான் கோயில் தொறப்பாங்க. புதன்கிழமை உங்கப்பா யாருக்குச் சேல குடுக்குறாரு?"

அப்பாவுக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்றே முடிவு கட்டினேன். நாலு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாமி பெயரைச் சொல்லியா ஏமாற்றுவது என்று பற்றிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடித்து அம்மாவிடம் சொல்ல வேண்டும், வீடு ரெண்டுபட்டாலும் சரி என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். புதன்கிழமை காலை, "நானும் கோயிலுக்கு வரேன்" என்று அடம்பிடித்தேன். அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மாதான், "கூட்டிட்டுப் போங்க, அவளுக்கும் வயசாவுது" என்றார்.

பெரம்பலூரில் இறங்கியதும், "சிறுவாச்சூர் பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"இன்னிக்குக் கோயில் பூட்டியிருக்கும்மா. வா" என்று அப்பா முன்னால் நடந்தார்.

பள்ளிவாசல் தெருவில் ஒரு ஓட்டுவீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு. கட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கிளிப்பச்சை, அரக்குக் கரை. போன ஆடிக்கு ஜெயங்கொண்டம் கடையில் நானே பொறுக்கி எடுத்து, படையலில் வைத்துக் கும்பிட்ட சேலை!

"எங்கப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று வாசலிலேயே கத்திவிட்டேன்.

அந்த அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "டேய் தம்பி, நம்ம அம்மா வாய் அப்படியே இருக்குடா இவளுக்கு!"

நான் மூன்றாம் வகுப்பிலிருந்து விழுந்து விழுந்து கும்பிட்ட பூவாடைக்காரி, உயிரோடு என் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு முந்திரிக்கொட்டை வாங்க வந்த முஸ்லிம் வியாபாரியோடு அத்தை போய்விட்டாராம். தாத்தா தலைமுழுகிவிட்டு, காய்ச்சல் கதையைக் கட்டியிருக்கிறார். செத்தவளுக்குப் படைக்காவிட்டால் ஊர் கேட்குமே, அதற்குத்தான் படையல். பெரம்பலூர் வழியாகச் சிறுவாச்சூருக்கு ஊர்க்காரர்கள் வராத நாளாகப் பார்த்து, அப்பா சேலையை உரியவரிடம் சேர்த்துவந்திருக்கிறார்.

வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கிட்ட என்னடி வேண்டிக்கிட்ட?" என்றார்.

"பத்தாவதுல கணக்குல பாஸாவணும்னு."

"எனக்கே கணக்கு வராதேடி!" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொழுகைக்குப் பாய் விரிக்கும்போது சொன்னார்: "நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? அஞ்சு வேளையும் உங்க எல்லாருக்கும் சேத்துத்தான் துஆ கேக்குறேன். அப்பாவுக்கும்." அந்த 'அப்பா' என் தாத்தா என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. பெற்ற மகளைச் சாகடித்த மனுஷனுக்காக!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டேன். சந்தேகப்பட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தாத்தா காதில் விழாமல் கேட்டார்: "இந்த வருஷச் சேல அவங்களுக்குப் பிடிச்சிருந்துதாடி?"

அடப்பாவிகளா! பிடித்திருந்தது என்று தலையை ஆட்டினேன். அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எனக்கும் பேரன் பேத்தி வந்துவிட்டார்கள். உறவில் யாராவது ஒருவரைப் பற்றி, "அந்தப் பேச்சை எடுக்காதே, அவ எங்களுக்குச் செத்துட்டா" என்று சொன்னால், இன்றும் என் வாய் சும்மா இருப்பதில்லை, "அது இருக்கட்டும், இப்ப எங்க இருக்கா, நல்லாயிருக்காளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.