டிக்கியில் வைத்த அரிசி

சனிக்கிழமை காலை, ஜேர்மனியில், ஹனோவரில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பவளக்காவின் கணவர். "தம்பி, அக்கா எங்களை விட்டுப் போயிட்டா," என்றார். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். அக்காவிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களில் ட்றெயிலர் இழுக்க முறைப்படி படித்து லைசென்ஸ் எடுத்த பெண், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய வோன்மொபில் வண்டி ஒன்று வைத்திருந்தார். ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேருக்குப் போகும்போது, அங்கே வயதானவர்களைக் கோயிலடிக்கு ஏற்றி இறக்கவென்று, தன் சின்னக் காரையும் ட்றெயிலரில் ஏற்றிப் பின்னால் இழுத்துப் போவார். நாங்கள் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அவரோ கொக்கி, சங்கிலி, லைட், காரைக் கட்டிய பட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். "அம்பாள் காப்பாத்துவா. பட்டியை நாங்கள்தான் இறுக்கவேணும். பின்னுக்குப் பாரம் கூடினால் வண்டி எங்களை ஓட்டும்," என்பார். எனக்கு எரிச்சல் வரும். என்னிடம் லைசென்ஸ் இல்லை, வாய் மட்டும் இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் கைக்குழந்தையும் அவருடன் தேருக்குப் போனோம். அன்னதானத்துக்கு நேர்ந்த அரிசி, ஐந்து மூட்டை, வோன்மொபிலின் தரையில் கிடந்தது. நேர்ந்த அரிசியில் கால் படலாமா? அக்கா எல்லாம் பார்த்து முடித்துக் கைகழுவப் போன நேரம், அதைத் தூக்கி ட்றெயிலரில் நின்ற காரின் டிக்கிக்குள் வைத்துவிட்டேன்.

பீலபெல்ட் அருகே நெடுஞ்சாலை இறக்கத்தில் ஒரு லொறி எங்களைத் தாண்டியது. உடனே ட்றெயிலர் இடமும் வலமும் வீசத் தொடங்கி, எங்களையும் சேர்த்து உலுப்பியது. பின்னால் குழந்தை வீரிட்டது. "மற்றப்பக்கம் வெட்டுங்கோ அக்கா!" என்று கத்தி ஸ்டியரிங்கில் கை வைத்தேன்.

"கையை எடும்!"

அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி அசையாமல் இருந்தார். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வேகம் இறங்க இறங்க ஆட்டமும் அடங்கியது.

தரிப்பிடத்தில் நிறுத்தி டிக்கியைத் திறந்தார். "ஆர் இதை வைச்சது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"சரி. திரும்பப் பாக்காதது என்ரை பிழை," என்றார் அக்கா. மூட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் கால்களுக்கிடையில் அடுக்கினோம். "கால் பட்டால் அம்பாள் கோவிக்கமாட்டா, தம்பி. பிள்ளை போய்ச் சேரவேணும்."

ஏன் பிந்தியது என்று கோயிலில் கேட்டார்கள். "நான்தான் பாரத்தைப் பிழையா ஏத்திப்போட்டன்," என்று எல்லோர் முன்னும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று மோர் குடித்தேன். வெட்கங்கெட்டவன்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் புறப்படும் முன், "தம்பி, டிக்கியை ஒருக்காத் திறந்து காட்டும்," என்பார். வேறு யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

நேற்று வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளினேன். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு அரிசியை வைச்சது நான்தான். போயிட்டு வாங்கோ."